அருள் என்று நினைத்த மயக்கம்

என் இடது தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு சின்ன மிஷின் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "தொட்டுப் பாக்கட்டுமா?" என்பதுதான். தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போக நான் என்ன கோயில் வாசற்படியா? ஆனாலும் காட்டுகிறேன். சட்டைத் துணிக்குள் தைத்த பொத்தான் மாதிரி லேசாக மேடு தட்டியிருக்கும், அவ்வளவுதான். வலிக்கிறதா, கரண்ட் அடிக்குமா, மழையில் நனையலாமா என்றெல்லாம் கேட்கிறார்கள். இப்படி ஒரு நோய் இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் வசந்தி. பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. வீட்டுக்காரர் ஏழுமலை நெல்லும் கரும்பும் போடுகிறார். நான் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அளவு ஜாக்கெட் கொடுக்காமல் "போன தடவ தச்ச மாதிரியே தச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போகிற ஜனங்களோடு மல்லுக்கட்டியே எனக்குப் பாதி வயது போய்விட்டது.

இந்த வருஷம் தையல் மிஷின் மிதித்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஜாக்கெட்டுக்கு ஒரு கை தைத்து முடிப்பதற்குள் காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய வேண்டியிருந்தது. குடத்தைத் தூக்கினால் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டிய பொம்பளைக்கு என்ன வந்தாலும் ஊரில் ஒரே பதில்தான்: "வயசாவுது இல்ல?" நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆடி மாதம், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு அலகு குத்துகிற செடல் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி விரதம் ஆரம்பித்ததும் இன்னும் வசதியாகப் போனது. களைப்புக்கெல்லாம் விரதத்தின் மேல் பழியைப் போட்டேன்.

செடல் அன்று பால்குடம் எடுத்துக்கொண்டு வந்து மாரியம்மன் கோயில் வாசலில் நின்றேன். நல்ல வெயில். காதுக்குப் பக்கத்தில் பம்பை அடிக்கிறார்கள். திடீரென்று அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கண் விழித்தபோது என் தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் யாரோ வேப்பிலையைத் திணித்திருந்தார்கள். சுற்றிலும் ஊரே கைகூப்பி நின்றது. எல்லாருக்கும் முன்னால் என் புருஷன்! கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் என்னைப் பார்த்துக் கைகூப்பி நான் கண்டதில்லை.

"தாயே, பொண்ணு கல்யாணத்த தையில வச்சிக்கலாமா? உத்தரவு குடு தாயே" என்றார்.

எங்கள் பெண் கயல் அப்போதுதான் பி.எஸ்சி. இரண்டாம் வருஷத்துக்குப் போயிருந்தாள். ஏழுமலையின் அக்கா அஞ்சலாட்சி, எனக்கு அண்ணி, அரியாங்குப்பத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய பையனுக்குக் கயலைக் கட்டுவது என்று ரொம்ப நாளாகப் பேச்சு. பையன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வருகிற தையிலேயே முடித்துவிட வேண்டும் என்றார்கள். அண்ணி விதவை, முட்டி வலிக்காரர், வீட்டுக்கு ஒரு பெண் தேவை. படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். கயல் அழுதாள். வேண்டாம் என்று நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். என் பேச்சு சாப்பாட்டுக்கு நடுவில் ஓடுகிற டிவி மாதிரி, ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள்.

பொங்கலிலிருந்து சொல்லிச் சொல்லி நாக்கு நுனியிலேயே தங்கிவிட்ட வார்த்தை, அந்த அரை மயக்கத்தில் தானாக வந்தது. "படிப்பு முடியட்டும்" என்றேன்.

"முடியட்டும் தாயே!" என்று என் புருஷன் தரையில் விழுந்து கும்பிட்டார். பின்னால் நின்ற அஞ்சலாட்சி அண்ணியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கல்யாணம் தள்ளிப் போனது.

அது அம்மன் இல்லை என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டால், எனக்கே அப்போது சரியாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அம்மன் வந்து போனால் உடம்பு இப்படித்தான் துவண்டுபோகுமோ என்று நினைத்தேன். ஊரில் மரியாதை கூடியது. ஜாக்கெட் கொடுக்க வந்தவர்கள் அளவு ஜாக்கெட்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள் கொல்லையில் யாரும் இல்லாதபோது அதே மாதிரி கண் இருட்டி, துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பம்பை இல்லை, கூட்டம் இல்லை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் அம்மனுக்கு என்ன வேலை? அன்றைக்குத்தான் பயம் வந்தது. வெளியே சொல்லவில்லை. சொன்னால், அன்று வந்ததும் இதே மயக்கம்தானே என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அப்புறம் தையில் கல்யாணம். என் பெண்ணின் படிப்பு இந்த ஒரு மயக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் பரிசோதனை முகாம் வந்தது. ஒரு வேன், இரண்டு மேசை, மூன்று பேர். முகாம் என்றால் எனக்கு எப்போதும் ஓர் இளக்காரம் உண்டு. வரிசையில் நிற்க வைத்து, எடை பார்த்து, ஒரு சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். அன்று அம்மனுக்குப் புடவை சாத்த அண்ணி வந்திருந்தார்கள். "சும்மாதான பாக்கறாங்க, வா வசந்தி, என் முட்டியயும் காட்டலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்கள்.

மேசையில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஜெயமேரி என்கிற நர்ஸ் கையில் ஒரு செல்போன். அதன் பக்கத்தில் சாக்லேட் கட்டி அளவுக்கு ஒரு தகடு. இரண்டு கை விரல்களையும் அதில் வைத்துக்கொண்டு ஆடாமல் உட்கார வேண்டும். நெஞ்சு துடிக்கிற துடிப்பு போனில் கோடாக ஓடும். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, நெஞ்சில் பசை தடவி, நிறைய வயர் மாட்டி எடுப்பார்களே ஈ.சி.ஜி., அதனுடைய சின்னத் தங்கச்சி இது. அதன் அளவுக்கு இது எல்லாவற்றையும் சொல்லாது, ஆனால் நெஞ்சு ஒழுங்காகத் துடிக்கிறதா என்று சொல்லிவிடும்.

என் விரலை வைத்தால் கோடே வரவில்லை. ஊசியும் சாக்குக்கட்டியும் பிடித்துப் பிடித்துக் காய்ந்துபோன விரல். ஜெயமேரி ஒரு பஞ்சைத் தண்ணீரில் நனைத்து விரல் நுனிகளைத் துடைத்துவிட்டாள். கோடு வந்தது. அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். அண்ணியின் விரல்களை வைத்துப் பார்த்தாள். அவர்கள் இருவருக்கும் நிமிஷத்துக்கு எழுபது, எண்பது துடிப்பு என்று காட்டியது. திரும்ப என்னுடையது. முப்பத்தி நாலு.

"அக்கா, நடந்தா மூச்சு வாங்குதா?"

"வாங்கும்."

"எப்பனா மயக்கம் போட்டு வுழுந்திருக்கீங்களா?"

அண்ணி என் தோளோடு தோள் உரசி நின்றிருந்தார்கள். "இல்ல சிஸ்டர்" என்றேன்.

ஜெயமேரி அதற்குமேல் என்னிடம் கேட்கவில்லை. அந்தக் கோட்டை அப்படியே போனில் டவுனில் இருக்கிற இதய டாக்டருக்கு அனுப்பினாள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவருக்குச் சர்க்கரை பார்த்து முடிப்பதற்குள் போன் அடித்தது. அதே போனில் டாக்டர் அம்மாவின் முகம். "வசந்தியாம்மா? பயப்படாதீங்க. ஆனா வீட்டுக்குப் போகக் கூடாது. நேரா இங்க வாங்க" என்றார்கள். எங்கள் அங்கன்வாடியில், சுவரில் அணில், ஆடு என்று படம் வரைந்திருக்கிற அறையில், டவுன் டாக்டர் என் நெஞ்சைப் பார்த்துவிட்டார்! நான் வாயால் சொன்ன பொய்யை என் விரல் அங்கேயே கவிழ்த்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சாக்லேட் கட்டியைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. பிடுங்கி ஏரியில் எறியவும் தோன்றியது.

அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன், வீட்டைப் பூட்டவில்லை, நாளைக்கு வருகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். "பால் பொங்கினா போவுது, நான் ஆள அனுப்பி அணைக்கச் சொல்றேன். நீங்க ஏறுங்க" என்று ஜெயமேரி என்னை வேனில் ஏற்றினாள். அண்ணியும் ஏறிக்கொண்டார்கள். மிச்ச ஜனங்களை மற்ற இருவரிடம் விட்டுவிட்டு அவளும் கூட வந்தாள். வழி நெடுக என் மணிக்கட்டிலிருந்து அவள் கையை எடுக்கவே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் நெடிக்கும் வரிசைக்கும் நான் புதிது. இரத்தம் எடுத்தார்கள். முழு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் அம்மா ஒரு தாளைத் திருப்பிப் படம் போட்டுக் காட்டினார்கள். நெஞ்சுக்குள் மேல் அறை இரண்டு, கீழ் அறை இரண்டு. மேலே இருந்து 'துடி' என்று உத்தரவு புறப்படும். அது ஒரு நரம்பு மாதிரியான பாதை வழியாகக் கீழே போனால்தான் கீழ் அறைகள் இரத்தத்தை உடம்புக்குத் தள்ளும். எனக்கு அந்தப் பாதை அடைபட்டிருந்தது. மேல் அறை பாட்டுக்கு உத்தரவு போடுகிறது, கீழே போய்ச் சேரவில்லை. கீழ் அறை தனக்குத் தோன்றியபோது மெதுவாகத் துடிக்கிறது. இதற்கு ஹார்ட் பிளாக் என்று பெயர். எல்லாரும் சொல்கிற இரத்தக்குழாய் அடைப்பு வேறு, இது வேறு. எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு இருக்கிற நிலைமைதான் என் நெஞ்சுக்குள்ளும் என்று நினைத்தபோது, அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"பேஸ்மேக்கர் வைக்கணும். அது எப்ப வைக்கிறதுங்கறதுதான் கேள்வி" என்றார்கள் டாக்டர். "மயக்கம் வந்து விழுந்திருந்தா காத்திருக்க முடியாது. இன்னிக்கே கழுத்து வழியா தற்காலிக வயர் போடணும். விழலன்னா மத்த டெஸ்டெல்லாம் முடிச்சிட்டு நிதானமா வைக்கலாம். நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. விழுந்திருக்கீங்களா?"

பெண்கள் வார்டில் ஆண்களை விடமாட்டார்கள். சேதி கேட்டு ஓடி வந்த ஏழுமலை வெளியே பெஞ்சில் இருந்தார். என்னோடு இருந்தது அண்ணி. என் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்து, என் தலைக்குச் சீப்பு தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். "இல்லம்மா" என்றேன் மறுபடியும். உயிர் போய்விடும் என்று பயம்தான். ஆனால் கயல் முகம் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அம்மாக்கள் புத்தி இப்படித்தான் வேலை செய்யும் என்று பெருமையாகச் சொல்ல மாட்டேன். அது முட்டாள்தனம்.

எக்கோ எடுக்கிற அறை வாசலில் காத்திருந்தோம். ஸ்கேன் மாதிரிதான் அது, நெஞ்சின் தசை எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. பெஞ்சு நிறைய ஜனம். ஒரு பெரியவர் தன் பில்லையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கும் அந்தக் கவலை பிடித்துக்கொண்டது. நெஞ்சுக்குள் வைக்கிற மிஷின் என்ன விலையோ, கரும்பு வெட்டு வரை எப்படித் தாங்குவோமோ என்று குழம்பிக்கொண்டிருந்தேன். அரசுத் திட்டத்தில் கிடைத்துவிடும் என்று பிறகுதான் சொன்னார்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். ஜனங்களின் பேச்சுச் சத்தம் தூரத்துக்குப் போனது.

கண் திறந்தபோது அண்ணியின் மடியில் இருந்தேன். முட்டி வலி என்று தரையிலேயே உட்காராதவர்கள், ஆஸ்பத்திரித் தரையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அம்மா ஓடி வந்திருந்தார்கள். அண்ணி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"செடல் அன்னிக்கிக் கோயில்லயும் இப்பிடியேதாம்மா வுழுந்தா! இதே மாதிரிக் கண்ணு மேல போச்சி, இதே மாதிரி ஒதடு வெளுத்துச்சி. நாங்கதான் சாமின்னு நெனச்சி மஞ்சத் தண்ணி ஊத்தினோம். காப்பாத்துங்கம்மா!"

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டமாக நடந்தது. கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, இரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய வயரை நெஞ்சு வரை இறக்கினார்கள். வெளியே ஒரு பெட்டி, அது அடிக்கச் சொல்லும், நெஞ்சு அடிக்கும். சில நாள் கழித்து நிரந்தர மிஷினைத் தோளுக்குக் கீழே வைத்தார்கள். மயக்கம் கொடுக்காமல், அந்த இடத்தை மட்டும் மரக்கடித்துத்தான் செய்தார்கள். துணி மூடியிருந்ததால் எதையும் பார்க்கவில்லை, ஆனால் தைப்பது தெரிந்தது. "எந்தத் தையல் போடறீங்கம்மா?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார்கள். கட்டைப் பிரித்தபோது பார்த்தேன், அவ்வளவு நெருக்கமான, நேரான தையல். குறை சொல்ல எனக்கு ஆசைதான், முடியவில்லை.

மிஷின் வேலை செய்ய ஆரம்பித்ததும் என் உள்ளங்கை சூடானது. அதுவரை அது சில்லிட்டுக் கிடந்ததே எனக்குத் தெரியாது. நகம் இளஞ்சிவப்பாக மாறியதைப் பார்த்து, கஞ்சி கொண்டு வந்த கயல் என் விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை செய்த ஒவ்வொருவர் கையையும் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அண்ணி மட்டும் பேசவில்லை. வேலையெல்லாம் செய்தார்கள். இடது கையைத் தூக்கக் கூடாது என்றதால் தலை பின்னிவிட்டார்கள், சாதம் பிசைந்து ஊட்டினார்கள். வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள், மத்தியானம், வார்டு கொஞ்சம் அடங்கியிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் ஆரஞ்சு உரித்துக்கொண்டே கேட்டார்கள்.

"அப்ப செடல் அன்னிக்கி வந்தது சாமி இல்ல."

"இல்ல அண்ணி."

"படிப்பு முடியட்டும்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"டாக்டரு கேக்கறப்ப வுழலன்னு சொன்னதும் அதுக்குத்தானா?"

தலையாட்டினேன்.

"செத்துப் போயிருப்படி!" என்றார்கள். பக்கத்துக் கட்டில்காரம்மா திரும்பிப் பார்த்தார். அண்ணி குரலைத் தாழ்த்தினார்கள். "இதுக்காவ உசுர உடுவாங்களா? எனக்கு அந்தப் பொண்ணு மேல பாசம் இல்லயா? படிப்பு முடிஞ்சி பண்ணலாம் அண்ணின்னு எங்கிட்ட நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா?"

"சொன்னேன் அண்ணி. பொங்கல்லேந்து சொல்லினேதான் இருக்கேன்."

அண்ணியின் கை நின்றுவிட்டது. பிறகு உரித்த சுளையை என் வாயில் வைத்தார்கள். கொட்டையை எடுக்க மறந்திருந்தார்கள். நான் அதை அப்படியே விழுங்கினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஜெயமேரி எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். அதே போன், அதே தகடு. விரலை நனைத்து வைத்துக்கொண்டேன். இப்போது கோட்டில் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரு சின்னக் குச்சி நின்றது. அது மிஷின் தட்டி எழுப்புகிற அடையாளமாம். செல்போனை இடது பக்கம் ஜாக்கெட்டுக்குள் சொருகக் கூடாது, வலது காதில் வைத்துத்தான் பேச வேண்டும், மிஷினைக் காட்ட ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். ஊரில் அன்று விட்டுப்போன வீடுகளுக்கும் போகப் போவதாகச் சொன்னாள். நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மன் யார் மேலும் வரமாட்டாள் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. நான் இன்றைக்கும் விளக்கேற்றுகிறவள்தான். ஆனால் கோயிலில் ஒருத்தி உதடு வெளுத்து விழுந்தால், வேப்பிலையைத் தேடுவதற்கு முன்னால் நாடியைப் பிடித்துப் பாருங்கள். முகாம் வந்தால் என்னை மாதிரி இளக்காரம் பேசாமல் விரலைக் கொடுங்கள். கேட்கிற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

அன்று ஜெயமேரி கோட்டைக் காட்டியபோது ஏழுமலை கட்டிலோரம் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

"அப்ப செடல் அன்னிக்கி இவ வுழுந்ததும் இந்த நோவுதானா சிஸ்டர்?"

"அதேதான் சார். டாக்டரும் அப்பிடித்தான் சொன்னாங்க" என்றாள் ஜெயமேரி.

என் நெஞ்சு, மிஷின் இருந்தும், ஒரு குதி குதித்தது. ஏழுமலை அடுப்படிப் பக்கம் திரும்பினார். அங்கே அண்ணி எனக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

"யக்கா, அப்ப அது சாமி உத்தரவு இல்லியே. தையில வச்சிக்கலாமா?"

கயல் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள். அண்ணி டம்ளரைக் கீழே வைக்காமல் வந்தார்கள்.

"இன்னாடா தையி? உன் பொண்டாட்டி சொல்லியிருக்கா, படிப்பு முடியட்டும்னு."

"அது சாமி இல்லன்னு இப்பத்தான..."

"சாமி இல்லடா. வசந்தி. வசந்தி சொல்லியிருக்கா. எங்கிட்டச் சொன்னா, உங்கிட்டயும் சொன்னா. நம்ம ரெண்டு பேரு காதுலயும் வுழல."

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். கைகூப்பவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, புது ஊரில் வழி கேட்பவர் மாதிரி கேட்டார்.

"அப்பிடியாம்மே?"

"அப்பிடித்தான்" என்றேன்.